கிணற்றிலிருந்து கூப்பிட்டவன்

பகடை இன்னும் மேஜையில் உருண்டுகொண்டிருந்தது. அதற்குள் நறுமுகையின் கைபேசி ஊளையிட்டது.

சாதாரண மணி அல்ல. பேரிடர் நேரத்தில் மட்டும் கேட்கிற ஊளை. கைபேசியின் ஒலியை அணைத்து வைத்திருந்தாலும் அடித்துத் தொலைக்கும். மேஜையைச் சுற்றி இருந்த நான்கு பேரும் நாற்காலியோடு துள்ளினார்கள். வில்லாளியாக விளையாடிக்கொண்டிருந்த வங்கிப் பயிற்சி ஊழியன் மட்டும் பகடையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"இருபது மேடம்! பல்லி மனுஷன் காலி!"

"செத்தான், செத்தான்," என்று சொல்லிக்கொண்டே நறுமுகை திரையைப் பார்த்தாள். காலையில் அனுப்பிய எச்சரிக்கை இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

'நெய்வாசல். பெரிய ஏரிக்கரை உடைந்தது. மாடிக்குச் செல்லவும். மீட்புப் படகுகள் வந்துகொண்டிருக்கின்றன. படகைக் கண்டதும் உரக்கக் குரல் கொடுத்து உதவி கேட்கவும்.'

நெய்வாசலில் அவளுக்கு ஒரு வீடு இருந்தது; கைபேசி எண்ணும் அந்த முகவரியில்தான் பதிவாகியிருந்தது. வீட்டுக்குள் ஒரு கணவர் இருந்தார். அவளோ கோயம்புத்தூரில், 'வீரவட்டம்' கம்பெனியின் காட்சிக்கூடத்தில், பல்லி மனிதர்களுக்காகப் பகடை உருட்டிக்கொண்டிருந்தாள்.

வீரவட்டத்தைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. நான்கு பேர் உட்கார்ந்து ஒருவர் வீரன், ஒருவர் வில்லாளி, ஒருவர் வைத்தியர், ஒருவர் திருடன் என்று வேடம் பிரித்துக்கொள்வார்கள். கட்டம் போட்ட தாளில் பொம்மைகளை நகர்த்தி, பகடை உருட்டி, பேய் பிசாசுகளோடு சண்டை போடுவார்கள். ஐந்தாவது ஆள் கேம் மாஸ்டர். கதை சொல்பவரும் அவர்தான், பேய்களின் வக்கீலும் அவர்தான். புதிதாக வருகிறவர்கள் முதலில் விளையாடுவதற்கென்று பெட்டியோடு ஒரு கதை வரும். 'மூழ்கிய கோட்டை' என்று பெயர். பதினாறு பக்கம், ஒன்பது அறை, மூன்று மணி நேரம். எழுதியவள் நறுமுகை. தமிழ்நாட்டில் டிரைவிங் லைசன்ஸ் வாங்கியவர்களைவிட மூழ்கிய கோட்டையில் செத்தவர்கள் அதிகம் என்று கம்பெனியில் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவள் எழுதுவதோடு சரி. மற்றவர்களுக்கு நடத்திக் காட்டுவதெல்லாம் வேறு ஆட்கள் வேலை. அன்று நடத்த வேண்டியவருக்குக் காய்ச்சல்.

ஊளை நின்ற கையோடு கிரிதரன் கூப்பிட்டார். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். பொருள்கள் நீரில் ஏன் மிதக்கின்றன என்பதை இருபது வருடமாக மாணவர்களுக்கு விளக்கி வருகிறார். நீச்சல் தெரியாது.

"நறுமுகை, நீ பதட்டப்படாதே," என்றார் பதட்டமாக. "நான் மொட்டை மாடியில நிக்கிறேன். மொட்டை மாடியிலயே முழங்கால் அளவு தண்ணி. ஏறிக்கிட்டே இருக்கு."

"படகு வரலையா?"

"மூணு தடவை வந்துச்சு. ஆளில்லாத படகு. நாலு நாலா வருது. நானும் தொண்டை கிழியக் கத்துறேன், காப்பாத்துங்க, காப்பாத்துங்கன்னு. பதினஞ்சடி தள்ளி வந்து நிக்குது. என்னையே பாக்குது. அப்புறம் ஒரு நீளமான கம்பை நீட்டி விலாவுல குத்துது."

"குத்துதா?"

"நல்லாவே குத்துது. குத்திட்டு, ஏதோ புரிஞ்ச மாதிரி திரும்பிப் போயிடுது."

அவருக்குப் பின்னால் வேறொரு குரல் அதட்டியது. 'யோவ் படகு! உன்னைத்தான்யா! காப்பாத்துங்க!'

"அது யாரு?"

"பக்கத்து மாடியில அருணகிரி சார். தண்ணித் தொட்டிக் குழாயைப் பிடிச்சுட்டு நிக்கிறாரு. அவரையும் ரெண்டு குத்து குத்துச்சு. மேலிடத்துக்குப் புகார் எழுதப்போறேங்கிறாரு."

அருணகிரி ஓய்வு பெற்ற தாசில்தார். ஓய்வு பெற்றதை அவரிடம் இன்னும் யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

நறுமுகையின் பார்வை மேஜைமேல் இருந்த கட்டத் தாளுக்குப் போனது. ஒரு கட்டம் ஐந்தடி. பதினைந்தடி என்றால் மூன்று கட்டம். மூன்று கட்டம் தள்ளி நிற்பது, கம்பால் குத்திப் பார்ப்பது, திரும்பிப் போவது.

"லைன்லயே இருங்க," என்றாள். வில்லாளியின் கையிலிருந்த கைபேசியைக் கேட்காமலே வாங்கி அவசர எண்ணை அழுத்தினாள்.

"மீட்புக் கட்டுப்பாட்டு அறை, ரிஸ்வான் பேசுறேன். உங்க பகுதிக்குப் படகு அனுப்பியாச்சு. பாத்ததும் உரக்கக் குரல் கொடுங்க."

"கொடுத்தாச்சு தம்பி. கொடுத்ததாலதான் கிட்ட வரமாட்டேங்குது. கம்பால குத்திப் பாக்கணும்னு உங்க படகுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

"அது... அதெல்லாம் வெளிய சொல்றதுக்கில்லை மேடம்."

"என் வீட்டுக்காரர் மாடியில நிக்கிறாரு. நீச்சல் தெரியாது. சொல்லுங்க."

ரிஸ்வான் குரலைத் தாழ்த்தினான். "நாலு படகு சேர்ந்து ஒரு குழு மேடம். ஒண்ணு முன்னால போகும். ஒண்ணு எட்ட நின்னு பாக்கும். ஒண்ணுல மருந்து. இன்னொண்ணு கதவு, பூட்டு உடைக்கும். இடிஞ்ச வீடு, இருட்டு, உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அந்த மாதிரி இடத்துல நாலு பேரு எப்படி முடிவெடுக்கிறாங்கன்னு அதுக்குக் கத்துக்கொடுக்கணும். நிஜ வெள்ளத்துல யாரு உக்காந்து பதிவு பண்ணி வெச்சிருக்கா? ஒரு கேம் கம்பெனிகிட்டதான் இருந்துச்சு. அவங்க பெட்டிக்குள்ள ஒரு குட்டி ஸ்பீக்கர் வரும். சந்தேகம் கேட்டா விதி சொல்லும். மத்த நேரமெல்லாம் பேசறதைக் கேட்டுக்கிட்டே இருக்கும். நாலு வருஷத்துல பதினோரு லட்சம் கேம்."

"மூழ்கிய கோட்டை."

"ஆமா! உங்களுக்கு எப்படி...?"

"நான்தான் எழுதினேன்."

"நறுமுகை மேடமா? மேடம், நான் அதுல மூணு தடவை செத்திருக்கேன்!"

"எங்க?"

"கிணத்துலதான். ஆறாவது அறையில..." உற்சாகமாகத் தொடங்கியவன் நின்றுவிட்டான். இரண்டு விநாடி கழித்து, "அய்யய்யோ," என்றான்.

ஆறாவது அறையில் ஒரு கிணறு. கழுத்தளவு தண்ணீரில் ஒருவன் நின்று, 'காப்பாத்துங்க, காப்பாத்துங்க' என்று அலறுவான். இரக்கப்பட்டுக் கை கொடுத்தால் தீர்ந்தது கதை. அவன் மனிதன் அல்ல, நீர்ப்பேய். கொடுத்த கையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். எழுதிய அன்று நறுமுகை தன் தோளைத் தானே தட்டிக்கொண்டாள். விமரிசனம் எழுதியவர்கள் எல்லாரும் அந்தக் கிணற்றைத்தான் புகழ்ந்தார்கள். ஒரு முறை செத்தவன் அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தான்: மூணு கட்டம் தள்ளி நில்லு, கம்பால குத்து, திரும்பிப் பாக்காம வா.

"படகைக் கையால ஓட்டுங்க தம்பி."

"முடியாது மேடம். கட்டளை அனுப்புற ஆன்டெனா காத்துல முறிஞ்சிடுச்சு. அது என்ன செய்யுதுன்னு இங்க தெரியும். நாம எதுவும் சொல்ல முடியாது. சொல்ல முடிஞ்சாலும் படகோட மூளையில கை வைக்க நிபுணர் குழுத் தலைவர் கையெழுத்து வேணும்."

"அவர் எங்க?"

"வெள்ளத்தைப் பாக்க ஹெலிகாப்டர்ல போயிருக்காரு."

"காலையிலேர்ந்து ஒருத்தரைக் கூடவா காப்பாத்தலை உங்க படகு?"

"அதெப்படி மேடம்? நாப்பத்தேழு மீட்புன்னு காட்டுதே. இருங்க, விவரம் பாக்கிறேன்." விசைகள் தட்டும் ஓசை கேட்டது. பிறகு ஓசை நின்றது. "மேடம்... நாப்பத்தேழும் ஆடு."

நறுமுகை கண்ணை மூடிக்கொண்டாள்.

நான்காவது அறையில் ஒரு வரி உண்டு. 'மூலையில் ஓர் ஆட்டுக்குட்டி கட்டப்பட்டிருக்கிறது.' அவ்வளவுதான். படத்துக்குக் கீழே ஒரு வரி காலியாகக் கிடந்தது, அதை நிரப்புவதற்காக எழுதியது. அந்த ஆட்டுக்குட்டியால் கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் விளையாடிய ஒவ்வொரு குழுவும் அதை அவிழ்த்தது. பெயர் வைத்தது. வீரனுக்கு வைத்திருந்த கடைசிச் சொட்டு மருந்தை அதற்குப் புகட்டியது. சேலத்தில் ஒரு கேம் மாஸ்டர் வேடிக்கைக்காக அதைச் சாகடித்தபோது கம்பெனிக்கு நூற்றுப் பன்னிரண்டு கண்டனக் கடிதங்கள் வந்தன. கிணற்று ஆசாமியைப் பற்றி ஒரு கடிதமும் வந்ததில்லை.

தன் கைபேசியை எடுத்தாள்.

"ஏங்க, நான் சொல்றதைக் கேட்டுக் கோவப்படக் கூடாது."

"தண்ணி தொடைக்கு வந்தாச்சு. கோவப்பட நேரமில்லை. சொல்லு."

"அடுத்த தடவை படகு வந்தா வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாதீங்க. குனிஞ்சு, கையையும் ஊணி நாலு கால்ல நில்லுங்க. ஆடு மாதிரி கத்துங்க."

"நறுமுகை, சிக்னல் சரியில்லைன்னு நினைக்கிறேன்."

"சரியாத்தான் கேட்டீங்க."

"குனிஞ்சா தண்ணி கழுத்துக்கு வந்துடும்!"

"தலையைத் தூக்கி வெச்சுக்கங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுக் கைப்பிடிச் சுவர்மேல வெச்சிடுங்க."

"நான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவன்டி."

"பசங்க யாரும் பாக்கலை."

"அருணகிரி சார் பாக்கிறாரே!"

"அவரையும் சேர்ந்து கத்தச் சொல்லுங்க."

கிரிதரன் பக்கத்து மாடியை நோக்கி விஷயத்தைச் சொல்வது கேட்டது. அவரால் முடிந்தவரை மரியாதையாகத்தான் சொன்னார். பதில் கோயம்புத்தூர் வரை கணீரென்று வந்தது.

"என்ன வாத்தியாரே, இந்த நேரத்துல கிண்டலா?"

"நிஜமாத்தான் சார். என் வொய்ஃபுக்கு அந்த மிஷினைப் பத்தித் தெரியும்."

"நாலு தாலுகாவைக் கட்டி ஆண்டவன்யா நான். என் ரூம் வாசல்ல மனுவை வெச்சுக்கிட்டு ஜனங்க நாள் பூரா நின்னுச்சு. ஒரு மிஷினுக்கு முன்னால நான் ஆடாகணுமா? போய்யா! உனக்கு வேணும்னா நீ ஆகு!"

"சார், ஒரே ஒரு தடவை..."

"முறையா கேட்டா வரும். ஏய் படகு! நான் ரிட்டயர்டு தாசில்தார்! காப்பாத்துங்க!"

மோட்டார் ஓசை நெருங்கியது. நறுமுகை ஒலிபெருக்கியைப் போட்டாள். மேஜையைச் சுற்றி நான்கு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தார்கள்.

"மே," என்றார் கிரிதரன்.

வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' சொல்கிற மாதிரி விறைப்பாக வந்தது அது. மோட்டார் ஓசை பதினைந்தடியில் நின்றது.

"இது கிடாக் குரல்ங்க! குட்டியாக் கத்துங்க!"

"மேஏஏ."

ஏதோ உலோகம் நீளும் கிறீச்சொலி. "கம்பை நீட்டுதுடி," என்று முணுமுணுத்தார். தண்ணீர் வாய்க்குள் போய்ப் புரையேறியது.

வைத்தியராக விளையாடிய பெண், கமுதிக்காரி, கைபேசியைப் பிடுங்கினாள். "சார், நெஞ்சிலேர்ந்து கத்தாதீங்க. மூக்காலக் கத்துங்க. நடுவுல நடுங்கணும். எங்க வீட்ல பதினெட்டு உருப்படி ஆடு நிக்குது சார், நான் சொல்றேன். இங்க பாருங்க..." அவள் கத்திக் காட்டினாள். காட்சிக்கூடத்துக் காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு நெய்வாசல் மொட்டை மாடியிலிருந்து, இருபது வருடம் இயற்பியல் கற்பித்த ஒரு குரல், தாயைத் தொலைத்த குட்டி போல நடுங்கி நடுங்கிக் கத்தியது. கணவர் நடிக்கவில்லை என்று நறுமுகைக்குத் தெரிந்தது.

மோட்டார் சீறியது. 'களக்' என்று ஒரு சத்தம். அத்துடன் இணைப்பு அறுந்தது.

வில்லாளி பகடையை எடுத்து, உருட்டாமல், உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

மேஜையில் கிடந்த இன்னொரு கைபேசியிலிருந்து ரிஸ்வான் கூப்பிட்டான். "மேடம், இருக்கீங்களா? நாப்பத்தெட்டு."

மாலை ஆறு மணிக்கு நறுமுகை போய்ச் சேர்ந்தபோது, கிரிதரன் மனிதர்களின் முகாமில் இல்லை. படகுகள் அவரைக் கால்நடை முகாமில் இறக்கியிருந்தன. பயணத்தில் குறை சொல்ல முடியாது. முன்னால் ஒரு படகு, பின்னால் ஒன்று, பக்கவாட்டில் மருந்துப் படகு, நடுவில் அவர். மூழ்கிய கோட்டையில் ஆட்டுக்குட்டியை வெளியே கொண்டுவருகிற அதே அணிவகுப்பு. காதில் மஞ்சள் வில்லை மாட்ட வந்த உதவியாளரிடம் தன் ஆசிரியர் அடையாள அட்டையைக் காட்டித் தப்பியிருந்தார். போர்வைக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு முன்னால் யாரோ அகத்திக்கீரைக் கட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவள் சிரித்தாள், அழுதாள். அவர் இரண்டும் செய்யவில்லை.

"படகுல ஏறினதும் திரும்பிப் பாத்தேன்," என்றார். "அருணகிரி சார் இன்னும் கத்திக்கிட்டிருந்தாரு. கடைசிப் படகு அவர்கிட்டப் போய்க் கம்பை நீட்டுச்சு. அவர் அந்தக் கம்பைப் பிடிக்கப் பாத்தாரு. அது வெடுக்குன்னு இழுத்துக்கிச்சு."

மூன்றாம் நாள் ரைஸ்மில் சுவரோரம் அருணகிரியின் உடலைக் கண்டெடுத்தார்கள். விலாவில் ஆறு இடத்தில் கன்றியிருந்தது. சட்டைப்பையில், நனையாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஒரு புகார் மனு. தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

நிபுணர் குழு இரண்டு முறை கூடியது. படகுகள் கற்றுக்கொண்டபடியே நடந்துகொண்டன, ஆகவே கோளாறு எதுவும் இல்லை என்று முடிவு செய்தது. புதிய மூளை தயாராக ஒன்றரை வருடம் ஆகும். அதற்கு முன் மழைக்காலம் வந்துவிடும். எனவே எச்சரிக்கை வாசகத்தில் மட்டும் சிறு திருத்தம் செய்தார்கள். 'படகைக் கண்டதும் குனிந்து நின்று ஆட்டுக்குட்டி போல் குரல் கொடுக்கவும். பேசுவதைத் தவிர்க்கவும்.' பள்ளிகளில் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு அதற்கென்று ஒதுக்கப்பட்டது. நெய்வாசல் மேல்நிலைப் பள்ளியில் அதை நடத்தும் பொறுப்பு, அனுபவத்தை முன்னிட்டு, கிரிதரனுக்கு வந்தது. மாணவர்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். மேல்சாதித் தெருக்காரர்கள் சிலர் தங்கள் பிள்ளைகள் நான்கு காலில் நிற்பதை ஆட்சேபித்து மனுக் கொடுத்தார்கள். அரசு பரிசீலித்து, அவர்கள் வேண்டுமானால் நின்றபடியே கத்தலாம் என்று அனுமதித்தது.

நறுமுகையால்தான் எழுத முடியவில்லை. உட்கார்ந்தால் கிணறு வந்தது. கிணற்றில் அருணகிரி நின்றார்.

நான்கு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரிஸ்வான் வீட்டுக்கு வந்தான். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. புதிய மூளைக்குப் புதிய கதை வேண்டும், அதையும் அவளே எழுதித் தர வேண்டும் என்று கேட்க அவனை அனுப்பியிருந்தார்கள்.

"என்கிட்டயா கேக்கிறாங்க?" என்றாள். "அந்த மனுஷனைக் கொன்னதே நான்தானே தம்பி? கை கொடுக்காதேன்னு பதினோரு லட்சம் தடவை சொல்லிக் கொடுத்திருக்கேன். ஒரு பேயை அங்க நிறுத்தாம இருந்திருந்தா எல்லாரும் கை கொடுத்திருப்பாங்க. படகும் கொடுத்திருக்கும்."

ரிஸ்வான் காப்பியை வாயருகே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தான்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன் மேடம். அதனால முதல் தடவை விளையாடினவங்களோட பதிவை மட்டும் தனியாப் பிரிச்சுக் கேட்டேன். கிணத்துல இருக்கிறது பேய்னு தெரியாதவங்க. யாரும் சொல்லிக் கொடுக்காதவங்க."

"அவங்க கை கொடுத்துத்தானே செத்தாங்க?"

"நூத்துக்கு இருபது பேரு. மீதி எண்பது பேரு கிணத்துக்கிட்டயே போகலை. கம்பால குத்தறதுதான் உங்க பேய் சொல்லிக் கொடுத்தது. திரும்பிப் போறது அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு."

"நீங்க?"

"நான் மூணு தடவையும் கை கொடுத்தேன். ஒருவேளை இந்தத் தடவை நிஜ மனுஷனா இருந்துட்டா? என்னைக் கணக்குல சேர்க்காதீங்க, எங்க வீட்லயே என்னை லூசும்பாங்க."

நறுமுகை சிரிக்கவில்லை. "அந்த எண்பது பேரு ஏன் போகலை? பயமா?"

"பயம் இல்லை மேடம். குரல் பதிவெல்லாம் இருக்கு. முக்காவாசிப் பேரு கேம் மாஸ்டர்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டிருக்காங்க. 'அந்தாளைக் காப்பாத்தினா எத்தனை பாயிண்ட்?'"

அவளுக்குப் பதினாறாம் பக்கம் நினைவுக்கு வந்தது. புள்ளிப் பட்டியல். பல்லி மனிதனைக் கொன்றால் இருபத்தைந்து. பெட்டகத்தைத் திறந்தால் ஐம்பது. ஒருவரைக் காப்பாற்றினால் என்று ஒரு வரியே கிடையாது. போட வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

"அப்ப அதுவும் என் தப்புதான்," என்றாள். "காப்பாத்தினா பாயிண்ட் உண்டுன்னு நான் போட்டிருக்கணும். போட்டிருந்தா போயிருப்பாங்க." சொல்லும்போதே எதுவோ இடறியது. "இருங்க தம்பி. ஆட்டுக்கும்தான் நான் ஒரு பாயிண்ட்டும் போடலையே?"

ரிஸ்வான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஆட்டுக்கு எத்தனைன்னு பதினோரு லட்சம் கேம்ல ஒருத்தர் கூடக் கேக்கலை, மேடம்."